எந்தத் தெரு எந்த வார்டில்?

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தேர்தலைப் பற்றிப் பேசும்போது நாம் கூட்டணியைப் பேசுவோம், வேட்பாளரைப் பேசுவோம், பணப் பட்டுவாடாவைப் பேசுவோம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது இவற்றுக்கெல்லாம் முந்தைய ஒரு கட்டம். வேட்பாளர் யாரென்று எவருக்கும் தெரியாத காலத்தில், ஓர் அலுவலக மேசையில் தெருப் பெயர்களைப் பட்டியல் போட்டு, இந்தத் தெரு 12ஆம் வார்டு, அடுத்த தெரு 13ஆம் வார்டு என்று எழுதுகிற கட்டம். அந்தப் பட்டியல் வெளியாகிற நாளில் டீக்கடையில்கூட அதைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. ஆனால் அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு தெருவின் குரல் மன்றத்துக்குள் போகுமா போகாதா என்பதைப் பெருமளவு முடிவு செய்துவிடுவது அந்தப் பட்டியல்தான்.

இதை இந்த ஊரில், இப்போது பேசக் காரணம் உண்டு. திருவண்ணாமலை 1886இல் நகராட்சியானது. 2022 பிப்ரவரி 19 அன்று 39 வார்டுகளுக்கு வாக்களித்தோம். 2024 ஆகஸ்டில் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. வேங்கிக்கால் முதலான சுற்றுப்புற ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு விரிகிற நகரம் இது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. பழைய நகரத்தை மட்டும் மனத்தில் வைத்துப் போட்ட கோடுகளை வைத்துக்கொண்டு விரிந்த மாநகரத்துக்குத் தேர்தல் நடத்த முடியாது. வார்டுகளை மறுபடி பிரித்தே ஆகவேண்டும். புதிய கோடுகள் சிறுபான்மையோரை, பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை என்ன செய்யப்போகின்றன என்பதே என் கேள்வி.

முதலில் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. இதை 39ஆல் வகுத்தால் ஒரு வார்டுக்குச் சராசரி 3,725 பேர். அதே கணக்கெடுப்பின்படி நகரில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் முஸ்லிம்கள். அதாவது ஏறக்குறைய ஐந்தரை வார்டுகளை நிரப்பும் அளவு மக்கள். அவர்களுக்கு ஐந்து இடம் கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நானும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் இவ்வளவு மக்கள் சேர்ந்து வாழும் தெருக்களைப் பிளக்காமல் அந்தந்த வார்டுக்குள் வைக்கிறோமா, பல வார்டுகளின் ஓரங்களாகப் பிய்த்துப் போடுகிறோமா என்பதில் அவர்களுக்கு ஐந்து கவுன்சிலர் வருவதும் ஒருவர்கூட வராமல் போவதும் அடங்கியிருக்கிறது. இரண்டு வரைபடத்திலும் மக்கள் அதே மக்கள்தான், வாக்குகளும் அதே வாக்குகள்தான்.

வார்டின் அளவு பெரிதானாலும் இதே விளைவுதான். இரண்டு, மூன்று தெருக்களில் 2,000 பேராக ஒரு சமூகம் வாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,700 பேர் கொண்ட வார்டில் அவர்கள் பாதிக்கு மேல். வார்டு 5,500 பேருக்கு விரிந்தால் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். அவர்களில் யாரும் வீடு மாற்றிப் போகவில்லை. கோடு மட்டும் தள்ளிப் போயிருக்கிறது. இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 2011இல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைந்தபோது, மொத்த வார்டுகள் 155இலிருந்து 200 ஆக உயர்ந்தன என்று செய்தி வந்தது. உள்ளே பார்த்தால் பழைய சென்னையின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கி, மீதி 93 புதிய பகுதிகளுக்குப் போயிருந்தன. புதிய பகுதிகளுக்குப் பங்கு கொடுத்தது நியாயமே. ஆனால் பழைய நகரத்தில் சின்ன வார்டுகளால் மட்டுமே மன்றத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த தெருக்களுக்கு அந்தச் சுருக்கம் என்ன செய்தது என்பதை எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. திருவண்ணாமலை விரியும்போது அந்தக் கேள்வியை நாம் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

இணைகிற ஊராட்சிகளின் பக்கம் இழப்பு இன்னும் கூர்மையானது. கிராம ஊராட்சியில் சில நூறு பேருக்கு ஒரு வார்டு உறுப்பினர் உண்டு. காலனி என்று நாம் சொல்கிற குடியிருப்பு பெரும்பாலும் ஒரு தனி வார்டாகவோ, ஒரு வார்டின் பெரும்பகுதியாகவோ அமைந்துவிடும். அங்கிருந்து ஒரு பெண் உறுப்பினராகி, ஊராட்சி மன்றக் கூட்டத்தில் குழாய் வரவில்லை என்று எழுந்து பேச முடிந்தது. தலைவர் பதவியே பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் உண்டு. மாநகராட்சியோடு சேர்ந்த அன்று அந்தத் தலைவர் பதவியும் இல்லை, உறுப்பினர் பதவியும் இல்லை, கிராம சபையும் இல்லை. நம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இணைப்பை எதிர்த்துத் தமிழகத்தின் பல ஊர்களில் மக்கள் போராடியபோது, நூறு நாள் வேலை போய்விடும், வீட்டுவரி ஏறிவிடும் என்ற இரண்டு காரணங்களே செய்தியில் வந்தன. அவை உண்மையான கவலைகள். அவற்றோடு, காலனிக்கு இருந்த ஒரு நாற்காலி போகிறது என்பதையும் சேர்த்துப் பேசியிருக்கவேண்டும்.

அந்த நாற்காலிக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை சிறிதன்று. மேலூர் அருகே மேலவளவில், ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்து ஆண்டுகள் தேர்தலையே நடக்கவிடவில்லை. 2006இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. அரிவாளால் பறிக்கப்பட்டதை நாம் ஊரறியப் பேசினோம். அரசாணையின் இணைப்புப் பக்கத்தில் சத்தமில்லாமல் போவதையும் அதே அக்கறையோடு பார்க்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி, நகர உள்ளாட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்கவேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் இடம் வேண்டும்; தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. மதச் சிறுபான்மையோருக்கு உள்ளாட்சியில் தனி ஒதுக்கீடு கிடையாது. எனவே முஸ்லிம்கள், கிறித்தவர்கள், சமணர்கள் ஆகியோருக்கு வார்டின் எல்லைக் கோடு ஒன்றுதான் பாதுகாப்பு. ஒதுக்கீடு உள்ளவர்களுக்குக் கோடு பாதி, ஒதுக்கீடு பாதி. ஒதுக்கீடு இல்லாதவர்களுக்குக் கோடே எல்லாம்.

இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிற இடமும் உண்டு. நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு 2006இல் தந்த அறிக்கை உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களை எடுத்துக்கொண்டு ஒன்றைச் சுட்டிக்காட்டியது. முஸ்லிம்கள் நிறைந்த தொகுதிகள் சில பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்படுகின்றன. பட்டியல் சாதியினர் அதைவிட அதிகமாக வாழும் தொகுதிகள் பொதுவில் விடப்படுகின்றன என்பதே அது. இதில் இரண்டு தரப்புக்கும் நட்டம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி முஸ்லிமும் கிறித்தவரும் பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை. இந்துக்களோடு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், அவ்வளவே. ஆகவே முஸ்லிம் தெருக்கள் நிறைந்த வார்டு ‘எஸ்.சி. வார்டு’ ஆகிவிட்டால் அந்தத் தெருக்காரர் எவரும் அங்கே மனுப்போட முடியாது. தலித் கிறித்தவரின் நிலை இதைவிடக் கொடியது. அவர் வாழ்வது காலனியில், படுகிற இழிவு காலனிக்கு உரியது, வார்டு ஒதுக்கப்பட்டிருப்பதும் காலனியை எண்ணித்தான். ஆனால் அவர் வேட்பாளராக முடியாது. சென்னையிலிருந்து கொண்டு இதைச் சரிசெய்ய முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் எந்த வார்டை ஒதுக்குவது என்பதில் பட்டியல் சாதியினர் விகிதம் உண்மையிலேயே மிக அதிகமுள்ள வார்டுகளிலிருந்து தொடங்கினால் இந்த மோதலில் பெரும்பகுதி எழாது.

பழங்குடியினர் கதை வேறு. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கோயில் வாசலிலும் கிரிவலப் பாதையிலும் பாசிமணி விற்று வாழ்கிற இந்த மக்களின் நீண்ட காலக் கோரிக்கை அது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்போது அவர்கள் பழங்குடியாக எண்ணப்படவில்லை. அந்தக் கணக்கை வைத்து இட ஒதுக்கீடு செய்தால் பட்டியலில் இருப்பார்கள், எண்ணிக்கையில் இருக்கமாட்டார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. மன்றத்தின் காலம் முடிவதும் அதே மாதம்! பழைய கணக்கில் அவசரமாகப் பிரிப்பதா, புதிய கணக்குக்காகத் தேர்தலைத் தள்ளுவதா என்ற இழுபறி வரும். தள்ளிப்போடுவதன் விலை நமக்குத் தெரியும். 2016இல் பழங்குடியினர் ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற புகாரோடு தொடங்கிய வழக்கில், அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதன்பின் மறுவரையறை, மேல்முறையீடு, கொரோனா என்று போய், நகர உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022இல். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. ஆகவே என் கருத்து இது: தேர்தலைத் தள்ளாமல், புதிதாகப் பட்டியலில் சேர்ந்த சமூகங்களை மட்டும் வருவாய்த் துறையின் சாதிச் சான்றுப் பதிவுகளைக் கொண்டு எண்ணி, வார்டு பிரிப்பில் கணக்கில் எடுக்கலாம். அவர்கள் குடியிருப்புகள் எவை என்பது வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தெரியாத ரகசியம் அன்று.

சாதியும் மதமும் பார்த்து வார்டு பிரிக்கலாமா, அது மக்களைப் பிரிக்காதா என்று சிலர் கேட்பார்கள். நல்ல மனத்தோடு கேட்கப்படும் கேள்விதான். நம் பெருமைக்குரிய உத்திரமேரூரை நினைத்துப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவரைக் குடவோலையால் தேர்ந்தார்கள். வார்டு என்ற ஏற்பாட்டுக்கு இவ்வளவு பழைய, இவ்வளவு தெளிவான சான்று உலகில் அரிது. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட, நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும். முப்பது குடும்புகளும் பிராமணக் குடியிருப்புக்குள்ளேயே முடிந்துவிட்டன. உழுதவரும் நெய்தவரும் தோல் பதனிட்டவரும் எந்தக் குடும்பிலும் இல்லை. யாரையும் பார்க்காமல் போட்ட கோடு என்று ஒன்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பார்க்க மறுப்பதும் பெரும்பான்மைக்குச் சாதகமான ஒரு கோடுதான்.

நகர எல்லையை விரித்தே ஒரு சமூகத்தின் குரலைக் கரைக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரம் சாட்சி. வர்ஜீனியா மாநிலத் தலைநகர். 1970 தொடக்கத்தில், நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 52 விழுக்காடாக இருந்த வேளையில், பக்கத்து மாவட்டத்திலிருந்து 23 சதுர மைல் நிலத்தையும் 47,000 பேரையும் நகரோடு சேர்த்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். கறுப்பினத்தவரின் பங்கு 42 ஆகக் குறைந்தது. மன்ற உறுப்பினர்கள் அனைவரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை அங்கே இருந்ததால், இந்தப் பத்து விழுக்காடு எல்லா இடங்களையும் தீர்மானித்துவிடும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏழு ஆண்டுகள் மன்றத் தேர்தலே நடக்கவில்லை. கடைசியில் இணைப்பு நிலைத்தது; ஆனால் நகரை ஒன்பது வார்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பலத்துக்கு ஏற்ற இடம் கிடைக்கும்படி செய்தார்கள். 1977இல் நடந்த தேர்தலில் கறுப்பினத்தவர் மன்றத்தில் பெரும்பான்மை பெற்றார்கள். ஹென்றி மார்ஷ் அந்நகரின் முதல் கறுப்பின மேயரானார். இணைப்பைத் தடுப்பதைவிட, இணைந்த பின் கோட்டை நேர்மையாகப் போடவைப்பதே பலன் தந்தது. நம் ஊராட்சி நண்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இன்னும் அருகில் பார்ப்போம். இலங்கையில் 1947 சோல்பரி அரசமைப்பு, இனங்கள் கலந்து வாழும் இடங்களில் ஒரே தொகுதிக்கு இரண்டு, மூன்று உறுப்பினர்களை அனுமதித்தது. கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதி. பெரும்பான்மை எல்லா இடத்தையும் அள்ளிக்கொண்டு போகாதபடி அது தடுத்தது. 2018 பிப்ரவரி 10 அன்று நடந்த உள்ளாட்சித் தேர்தலிலும், வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறையோடு, பல இனத்தவர் வாழும் சில வட்டாரங்களைப் பல உறுப்பினர் வட்டாரங்களாக வைத்தார்கள். அதே காலத்தில் மலையகத் தமிழரின் நெடுநாள் குறை ஒன்றும் தீர்ந்தது. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பிரதேச சபைகள் தலா இரண்டு லட்சம் மக்களுக்கு மேல் சுமந்துகொண்டிருந்தன. வேறு இடங்களில் சில ஆயிரம் பேருக்கே ஒரு சபை உண்டு. நோர்வுட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் பிறந்து இரண்டு ஆறானது. லயன் வீட்டுத் தொழிலாளிக்குச் சபை எட்டும் தூரத்துக்கு வந்தது.

இரட்டை உறுப்பினர் தொகுதி நமக்கும் புதிதன்று. 1952, 1957 பொதுத் தேர்தல்களில் இந்தியாவில் பொது உறுப்பினர் ஒருவரும் பட்டியல் சாதி உறுப்பினர் ஒருவருமாக ஒரே தொகுதியில் இருவரைத் தேர்ந்தெடுத்தோம். 1961இல் அதை எடுத்துவிட்டார்கள். உள்ளாட்சியில், அதுவும் தெருவுக்குத் தெரு சமூகம் மாறுகிற கோயில் நகரங்களில், அதை மறுபடி யோசிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு சமூகங்கள் முதுகோடு முதுகு ஒட்டி வாழும் இடத்தில் நடுவே கோடு போடுவதைவிட, இரண்டையும் சேர்த்து இரண்டு உறுப்பினர் கொடுத்து, ஆளுக்கு ஒரே வாக்கு என்று வைத்தால் இரு தரப்புக்கும் ஆள் கிடைக்கும். மாநிலச் சட்டத்தைத் திருத்தவேண்டியிருக்கும். 2025இல் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்கச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது; முடியாததன்று. ஊரெங்கும் சிதறி வாழ்பவர்களுக்கு எந்தக் கோடும் உதவாது என்பதால் நியமனம் அவர்களுக்குச் சரி. சேர்ந்து வாழ்பவர்களுக்கு நியமனம் போதாது, வாக்கால் வந்த உறுப்பினரே வேண்டும்.

ஒரே வார்டில் ஒரு சமூகம் முழுவதையும் அடைத்துவிடுவதும் அநியாயம்தான். ஆறாயிரம் பேரை ஒரே வார்டில் குவித்தால் ஒரு கவுன்சிலர் பெருவாரியாக வெல்வார். மற்ற வார்டுகளில் அவர்களைத் தேடி எவரும் வாக்குக் கேட்டு வரமாட்டார்கள். தங்கள் விருப்பப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போதுமான அளவு சேர்ந்திருக்கவேண்டும், அதற்குமேல் குவிக்கக்கூடாது. இந்த அளவு ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். அதனால்தான் இதை அந்த ஊரின் தெருக்கள் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்து சொல்லவேண்டும் என்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். வார்டு பிரிப்பவர்கள் பெரிய சாலையை எல்லையாக வைப்பது வழக்கம். எளிது, சர்ச்சை இல்லை. ஆனால் இந்த ஊரில் செங்கம் சாலை, போளூர் சாலை, வேட்டவலம் சாலை, திருக்கோவிலூர் சாலை, அவலூர்ப்பேட்டை சாலை என்று கோயிலிலிருந்து விரிகிற சாலைகளின் இருபுறமும்தான் குடியிருப்புகள் வளர்ந்திருக்கின்றன. சாலையை எல்லையாக்கினால் ஒரே ஜமாத், ஒரே காலனி இரண்டாகிவிடும். மலையடிவாரத்தைப் பாருங்கள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். சரிவில் வாழ்பவர்களுக்கு ஒரே மாதிரியான ஆபத்து, ஒரே மாதிரியான பட்டாப் பிரச்சினை, ஒரே மாதிரியான வடிகால் தேவை. அவர்களைக் கீழே உள்ள கடைத்தெரு வார்டுகள் நான்கைந்தின் வால்களாக ஒட்டவைத்தால், எந்த மன்றக் கூட்டத்திலும் மலைச்சரிவு முதல் பொருளாக வராது. பௌர்ணமிக்கு வரும் லட்சக்கணக்கானோரின் தேவையை மாவட்ட நிர்வாகமே பார்த்துக்கொள்ளும். சரிவில் இருப்போருக்குக் கவுன்சிலர்தான் வேண்டும்.

மறுவரையறை ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும். அந்தச் சில நாட்களை விட்டுவிட்டால் பின்னால் வழி மிகக் குறைவு. அரசமைப்பின் 243 இசட்.ஜி. பிரிவு, வார்டு எல்லை தொடர்பான சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதைத் தடுக்கிறது. 2024இல் குஜராத்தின் பர்தோலி தொகுதி வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்பட்டமாக எதேச்சதிகாரமான மறுவரையறையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தது. அது சிறிய கதவு.

எனவே மாநகராட்சியிடம் இன்றே கேட்கவேண்டியவை உண்டு. வரைவில் தெருப் பெயர் மட்டும் போதாது, வரைபடம் வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் மொத்த மக்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்ற எண் அதன் பக்கத்திலேயே வேண்டும். பழைய வார்டிலிருந்து எந்தத் தெரு எங்கே போயிற்று என்ற பட்டியல் வேண்டும். ஆட்சேபணைக்குக் குறைந்தது ஒரு மாதம் வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் ஆட்சியர் அலுவலகத்தில் மட்டும் நடக்காமல் காலனியிலும் அடிவாரத்திலும் நடக்கவேண்டும். தள்ளுபடி செய்யும் ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் எழுத்தில் காரணம் வேண்டும்.

இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 39 வார்டுகளின் தெருப் பட்டியலையும் இணையும் ஊராட்சிகளின் வார்டுப் பட்டியலையும் வாங்கி, ஒரே வரைபடத்தில் இப்போதே குறித்து வையுங்கள். எந்தக் குடியிருப்பு எங்கே முடிகிறது என்பதை அங்கே வாழ்பவர்களிடமே கேட்டு எழுதுங்கள். வரைவு வெளியாகும் அன்று அந்தப் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால், எந்தக் குடியிருப்பு பிளந்திருக்கிறது என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். அடுத்த நாள் காலையில் அந்தத் தெருக்காரர்கள் கையெழுத்தோடு மனு ஆணையர் அலுவலகத்தில் இருக்கவேண்டும். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள்.